மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை இசை வகுப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பத்து வயது மகன் மிருதங்கம் கற்கிறான். ஞாயிறுதோறும் பெரம்பூரிலிருந்து 29சி பேருந்தில் மயிலாப்பூர் போய் வருகிறோம். மடியில் மிருதங்கம், கையில் ரவைப் பொட்டலம். 'தொப்பி' என்னும் மிருதங்கத்தின் இடப் பக்கத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பினால்தான் அந்தக் கனத்த நாதம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இப்போதெல்லாம் அதை அவனே செய்கிறான்.

முதலில் வீட்டருகே ஒரு வகுப்பில் சேர்த்தோம். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு நான்கே மாதத்தில் மூடிவிட்டார்கள். பெற்றோர்கள் தயவுசெய்து மாதாமாதம் மட்டும் பணம் கட்டுங்கள். சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தப்பாக வாசிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதுதான் முக்கியம். இப்போதைய ஆசிரியர் 'த தி தொம் நம்' என்ற முதல் பாடத்தையே ஆறு வாரம் வாசிக்க வைத்தார். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வாத்தியத்தையும் அவரைக் கேட்டே, சின்னக் கைக்கு ஏற்ற அளவில் வாங்கினோம். வயலினிலும் அரை, முக்கால் அளவுகள் உண்டு.

சரி, இப்படி அழைத்துப் போக ஆளில்லாத பிள்ளைகள்? இவன் சாதகம் செய்யும்போது தெருப் பிள்ளைகள் மூன்று பேர் ஜன்னலோரம் நின்று கேட்கிறார்கள். ஒருவன் கம்பியிலேயே தட்டிப் பார்க்கிறான். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் பிள்ளைகளுக்கு இசை கற்றுத் தருகிறது. அதுபோல வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளிலும் மாலையில் ஓர் அறையைத் திறந்துவிட்டு, ஓர் ஆசிரியரையும் நாலு வாத்தியங்களையும் தர வேண்டுகிறேன்.

ஒரு தாய்,
பெரம்பூர், சென்னை.