பிலெமன் ரைட்டைப் பற்றிப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கனடா வரலாறு எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒட்டாவா ஆற்றின் பழைய மர வணிகத்தைப் படித்துவரும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். ரைட்டை ‘ஒட்டாவா ஆற்றங்கரையின் ஹல் ஊரை (இன்று கியூபெக்கின் கட்டினோ நகரின் ஒரு பகுதி) நிறுவியவர், பிறகு சட்டமன்ற உறுப்பினர்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். இடையில் இருந்தது மரம். அதைச் சொல்லாவிட்டால் மனிதர் பிடிபடமாட்டார்.

1760இல் மாசசூசெட்சின் ஊபர்னில் பிறந்தவர். 1800 மார்ச்சில், உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டிகளோடு ஷோடியேர் அருவிப் பக்கம் வந்து குடியேறினார். வந்தது உழவுக்கு. ஆறே ஆண்டில் கைக்காசு கரைந்துபோக, மரத்தை விற்கத் துணிந்தார். பிரிட்டனின் வணிகத்துக்கு நெப்போலியன் இட்ட தடைதான் அவரை இதில் இறக்கியது என்று தயவுசெய்து எழுதவேண்டாம். அந்தத் தடையை விதித்த பெர்லின் ஆணை 1806 நவம்பரில் வந்தது. விற்கப்போகும் மரத்தையே பிணைத்துக் கட்டிய ரைட்டின் முதல் தெப்பமோ அவ்வாண்டு ஜூன் 11ஆம் திகதியே கட்டினோ ஆற்று முகத்தை விட்டுவிட்டது. தடையும், வட ஐரோப்பாவின் பால்டிக் கரையிலிருந்து வந்த மரத்துக்குப் பிரிட்டன் ஏற்றிய வரியும் பின்னால் அடித்த யோகம்.

தெப்பத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். மாரியில் வெள்ளைப் பைன் மரத்தை வெட்டி, அகலக் கோடரியால் நாலு பக்கமும் சீவுவார்கள். சதுரமாக இருந்தால்தான் கப்பலின் அடித்தளத்தில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். சீவியெறிந்த சிராய் காட்டிலேயே காய்ந்து கிடக்கும். கோடைத் தீக்கு அதுவே எரிபொருள். பனிமேல் இழுத்து ஆற்றங்கரையில் குவித்த மரத்தை வசந்த வெள்ளத்தில் இறக்குவார்கள். ஓக் மரம் தனியே விட்டால் அமிழும், ஆகவே பைனோடு சேர்த்துக் கட்டவேண்டும். ஆறு பாறைகளிடையே வேகமாகப் பாயும் இடம் வந்தால் தெப்பத்தைச் சிறு துண்டுகளாகக் கழற்றி, ஒவ்வொன்றாக இறக்கி, கீழே மீண்டும் பிணைக்கவேண்டும். புறப்படப் பிந்தினால் நீர் வற்றிப் பாறையில் மாட்டும். பாதையே பழகாத அந்த முதல் தெப்பம் கியூபெக் துறைமுகம் சேர ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது.

ஷோடியேருக்கு மேலே வெட்டிய மரத்துக்கு அருவியே எமன், விழுந்தால் சிதறிவிடும். 1829இல் அவர் மகன் ரகிள்ஸ் வடகரையில் சுமார் 26 அடி அகலத்தில் மரச்சறுக்கு ஒன்று அமைத்தார். தெப்பத் துண்டைப் பிரிக்காமலே அதன் வழியே இறக்கலாம். பிள்ளைகளிடம் வரையச் சொல்லத் தோதான படம் இதுதான்.

அடுத்த ஆண்டே, எழுபது வயதில், ரைட் ஒட்டாவாத் தொகுதிக்காகக் கீழ்க் கனடாச் (இன்றைய கியூபெக்) சட்டமன்றம் போனார். 1834 வரை இருந்தார். 1839இல் மறைந்தார். அரசியலுக்கு இதற்குமேல் இடம் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

இன்னொன்றைக் கட்டாயம் சேருங்கள். அங்கே வாழ்ந்த பழங்குடியினரான அல்கொங்குவின் மக்கள் வந்து, தங்கள் நிலத்து மரங்களை எந்த அதிகாரத்தில் வெட்டுகிறீர்கள் என்று கேட்டதை ரைட்டே தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை ஓரத்துப் பெட்டிச் செய்தியாக்காமல், அவர் வந்திறங்கும் பத்தியிலேயே வையுங்கள்.