நம்ம ஊர் லினக்ஸ் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025-26

தலைவர் அய்யா, பொருளாளர் அண்ணன், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல வாசிக்க எழுதுனது இது, வர முடியாதவங்களும் படிக்கணும்னு முழுசா டைப் பண்ணி அனுப்புறேன். காரைக்குடில இருக்குறவங்க, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்ல இருந்து வர்றவங்க எல்லாரும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க, பாதில நிறுத்திடாதீங்க.

வழக்கமான வேலைகளை சுருக்கமா சொல்லிடுறேன். மாசக் கூட்டம் நடந்துச்சு, நவம்பர்ல மட்டும் மழையால இல்ல. ஆகஸ்ட் 9 டெபியன்ங்குற லினக்ஸ் வகையோட 13வது பதிப்பு வெளிவந்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை கூடி கேக் வெட்டுனோம். செப்டம்பர் 20 மென்பொருள் சுதந்திர தினத்துல பசங்களுக்கு புரோகிராம்ல பண்ற மாத்தங்களைப் பதிவு வைக்குற கிட் (Git) மென்பொருளும், படம் திருத்துற ஜிம்ப் 3யும் காட்டுனோம், நல்ல கூட்டம். மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு கணக்கு அட்டவணை போடுற லிப்ரெஆபிஸ் கால்க் வகுப்பு எடுத்தோம். நிர்வாகக் குழு விதிப்படி கூடுச்சு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அக்டோபர் 14, 2025ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும். விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் பிராசஸர்னா எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும். நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ்னு எங்க பாத்தாலும் நாலாவது, அஞ்சாவது ஜெனரேஷன் ஐ3 மெஷின்தான், நல்லா ஓடிக்கிட்டு இருக்குற மெஷின் எல்லாம். அதை தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு கடைக்காரங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. அப்பதான் பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக் குடுக்குற முகாம் நடத்தலாம்னு நான் நிர்வாகக் குழுவுல வச்சேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நாங்க போட்டது லினக்ஸ் மிண்ட்ங்குற லினக்ஸ் வகையோட லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 22 வரிசை, 2029 வரைக்கும் அப்டேட் வரும், 4 ஜிபி ரேம்ல தாராளமா ஓடும். வாசகசாலைல இருந்த 32 பிட் மெஷினுக்கு மட்டும் டெபியன் 12 போட்டோம், ஏன்னா 13ல 32 பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

முகாம் அன்னைக்கு மண்டபம் நிறைஞ்சிருந்துச்சு. உறுப்பினர்கள் நிறைய பேர் வந்தாங்க, பென்டிரைவ் கொண்டு வந்தாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, சந்தோஷம். ஆனா அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நான் இந்த அறிக்கைல பதிவு பண்ணனும்னு நினைக்கிறேன், ஏன்னா இன்ஸ்டால் பண்றது பாதி வேலை கூட கிடையாது.

பத்திர எழுத்தர் ஒருத்தர் மெஷின் கொண்டு வந்திருந்தாரு. வயசானவர், டைப்ரைட்டிங்ல தமிழ் ஹையர் பாஸ் பண்ணவர், விரல் அந்த லேஅவுட்டுக்குத்தான் போகும். தமிழ்99ங்குற வேற லேஅவுட் கத்துக்கோங்கன்னு அவர்கிட்ட சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. லினக்ஸ்ல எம்17என்ங்குற கீபோர்டு தொகுப்புல தமிழ் டைப்ரைட்டர் லேஅவுட் இருக்கு, அதை கீபோர்டு மாத்துற ஐபஸ் மென்பொருள்ல சேத்துக் குடுத்தோம், அடிச்சுப் பாத்துட்டு முகமெல்லாம் சிரிப்பா வீட்டுக்குப் போனாரு. மறுநாள் காலைலயே போன். "தம்பி, பழைய பத்திரம் எதைத் தொறந்தாலும் இங்கிலீஷா வருது"ங்குறாரு. போய்ப் பாத்தா எல்லாம் பாமினிங்குற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல். பாமினில தமிழ்ங்குற வார்த்தை உள்ளுக்குள்ள ஜே, கே, பி, ஓ, அதுக்கப்புறம் ஒரு செமிகோலன்னுதான் சேவ் ஆகியிருக்கும், ஃபான்ட் இல்லைன்னா அப்படியேதான் தெரியும். அவரோட பழைய டிஸ்க்ல இருந்து ஃபான்டை எடுத்துப் போட்டதும் பத்திரம் எல்லாம் தமிழ்ல வந்துடுச்சு. இனிமே அடிக்குறதை எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியுற யூனிகோட்ல அடிங்க, பழசுல தேவைப்படுறதை மட்டும் அப்பப்ப மாத்திக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன்.

அதோட முடியல. பத்திரத்தாள்ல முதல் பக்கத்துல மேல முத்திரை இருக்கும், அதுக்குக் கீழ இருந்துதான் பிரிண்ட் ஆரம்பிக்கணும். அவர் அதுவரைக்கும் என்டர் தட்டித் தட்டிதான் இறக்கிக்கிட்டு இருந்தாரு, ஃபான்ட் மாறுனதும் வரி எல்லாம் நகர்ந்துடுச்சு. பத்திரத்தாள் வெள்ளைத்தாள் மாதிரி இல்ல, தப்பா அடிச்சா காசு போச்சு. லிப்ரெஆபிஸ்ல முதல் பக்கத்துக்குன்னு தனி பேஜ் ஸ்டைல் வச்சு மேல் மார்ஜினை அளந்து செட் பண்ணி, வெள்ளைத்தாள்ல அடிச்சு பத்திரத்தாள் மேல வச்சு வெளிச்சத்துல பாத்து சரி பண்ணோம். இப்ப அவர் என்டரே தட்டுறதில்லை, பக்கத்துக் கடை எழுத்தருக்கும் அதைச் சொல்லிக் குடுத்துட்டாரு.

இன்னொரு கடைல லேசர் பிரிண்டர் பிரச்சினை. அந்த மாடல்ல ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை இயக்குற மென்பொருள், உள்ள தங்காது, ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர்ல இருந்து போகணும். விண்டோஸ்ல டிரைவரே அதை அனுப்பிடும், லினக்ஸ்ல பிளகின் தனியா இறக்கிப் போடணும், அது யார் வேணும்னாலும் மாத்திப் பகிர்ந்துக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள் கிடையாது. இதைப் போட்டுக் குடுத்தது கொள்கைக்கு விரோதம்னு ஒரு உறுப்பினர் கூட்டத்துல கோவப்பட்டாரு. அவர் அக்கறையை மதிக்கிறேன். ஆனா டெபியனே 2022ல ஓட்டு வச்சு, டெபியன் 12ல இருந்து இன்ஸ்டாலர்லயே இந்த மாதிரி ஃபர்ம்வேரை சேத்துட்டாங்க. பிரிண்ட் வரலைன்னா அந்தக் கடைக்காரர் சாயங்காலமே திருட்டு விண்டோஸ் போட்டுக்குவாரு, அதுக்கப்புறம் எந்தக் கொள்கையும் அவர் கடைக்குள்ள போகாது. இதுல என் நிலைப்பாடு மாறாது.

இந்த இடத்துல பழசு ஒண்ணு சொல்றேன். 2011ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் குடுத்தப்ப அதுல விண்டோஸோட, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் உருவாக்குன பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. அதாவது நம்ம ஊர் வீடுகளுக்குள்ள லினக்ஸ் அன்னைக்கே வந்துடுச்சு. எத்தனை பிள்ளைங்க அதை பூட் பண்ணி வேலை செஞ்சாங்க? எனக்குத் தெரிஞ்சவங்கள்ல ரொம்பக் குறைவு, ஏன்னா இதை இப்படிச் செய்யணும்னு பக்கத்துல உக்காந்து சொல்ல ஆள் இல்ல. கேரளாவுல ஐடி அட் ஸ்கூல் திட்டத்துல, இப்ப அதுக்குப் பேர் கைட், வாத்தியாருங்களுக்கு முதல்ல பயிற்சி குடுத்தாங்க, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஐடி ஒருங்கிணைப்பாளரைப் போட்டாங்க, அதனாலதான் அங்க லினக்ஸ் நிலைச்சு நிக்குது. மென்பொருள் ரெண்டு இடத்துலயும் நல்லதுதான், கூட இருக்குற ஆள்தான் வித்தியாசம்.

அந்த ஆள் நம்ம சங்கத்துல யாருன்னு கேட்டா, முகாமுக்கு அப்புறம் வந்த போன் எல்லாத்துக்கும் நானும், பாலிடெக்னிக் படிக்குற ரெண்டு பசங்களும்தான் ஓடுனோம். பசங்களுக்கு செமஸ்டர் பரீட்சை இருந்துச்சு, அப்பவும் வந்தாங்க. அனுபவம் உள்ள உறுப்பினர்கள், டெர்மினல்லயே வாழ்றவங்க, எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த லினக்ஸ் வகை, நல்லதுன்னு விடிய விடிய பேசுறவங்க, ஒரு கடைக்குப் போய்ட்டு வாங்கண்ணேன்னா வேலை இருக்குங்குறாங்க. வேலை எனக்கும் இருக்கு. யார் மனசும் புண்படணும்னு இதை எழுதல, ஆனா எழுதாம விட்டா அடுத்த வருஷமும் இப்படியேதான் போகும்.

சந்தா விஷயம். வருஷத்துக்கு 300 ரூபா, மாசக் கணக்குக்கு 25. ஏட்டுல பேர் இருக்குறவங்கள்ல பாதிப் பேர் கூட கட்டல, சிலர் ரெண்டு வருஷமா பாக்கி. மென்பொருளுக்கே காசு இல்லைங்குறப்ப சங்கத்துக்கு எதுக்குன்னு ஒருத்தர் நேர்லயே கேட்டாரு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை ஆரம்பிச்ச ஸ்டால்மேன் 1985ல ஈமாக்ஸ்ங்குற தன் எடிட்டர் மென்பொருள் இருக்குற டேப்பை 150 டாலருக்கு வித்துதான் வருமானம் பாத்தாரு, கட்டற்ற மென்பொருளுக்கான ஜிபிஎல் உரிமத்துல காசு வாங்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. நமக்கு மண்டப வாடகை இருக்கு, பென்டிரைவ், வாசகசாலைக்கு வாங்குன எஸ்எஸ்டி, பசங்களுக்கு பெட்ரோல் காசு இருக்கு. வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியா வந்திருக்கு, கையிருப்பு கொஞ்சம் இருக்கு, விவரத்தை பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு. சில செலவை நான் கைல இருந்து பண்ணிட்டேன், அதை கணக்குல கொண்டு வரல, கேக்கவும் போறதில்ல.

வர்ற வருஷத்துக்கு புது முகாம் வேண்டாம்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் போட்டுக் குடுத்த மெஷின் ஒவ்வொண்ணுக்கும் ஒரு உறுப்பினர் பொறுப்பு எடுத்துக்கணும், மாசம் ஒரு தடவை போய் அப்டேட் ஓடுதா, பேக்கப் இருக்கா, பிரிண்ட் வருதான்னு பாத்தா போதும். அப்படி ஆள் கிடைச்சா செயலாளரா தொடர எனக்கு முழு சம்மதம். கிடைக்கலைன்னா என் ஒருத்தனால முடியாது, நேரம் இருக்குறவங்க யாராவது இந்தப் பொறுப்புக்கு முன்வந்தா எல்லா ஃபைலையும் சாவியையும் மனசார ஒப்படைச்சிடுறேன்.

மண்டபம் குடுத்தவங்களுக்கும், டீ ஏற்பாடு பண்ண தலைவர் அய்யாவுக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், அந்த ரெண்டு பசங்களுக்கும் சங்கத்தின் சார்பா நன்றி. மெஷின் பட்டியல் வாசல்ல மேஜைல வச்சிருக்கேன், கடை பேருக்கு எதிர்ல உங்க பேரை எழுதிட்டு உள்ள வாங்க. சந்தா ரசீது புக்கும் அங்கயே இருக்கு, ஜிபேலயும் கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்