மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே

குடியாத்தம்,
தை 12

அன்புள்ள கோவிந்தராஜுக்கு,

உன் கடிதம் போகிக்கு முதல் நாள் கிடைத்தது. ஆரணியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலிருந்து நீ என்னிடம் எதையும் மறைத்ததில்லை. ஆனாலும் மகனைப் பற்றி இவ்வளவையும் எழுத உனக்கு எத்தனை இரவுகள் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது மனம் கனத்துப் போனது. நீ கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அபின் வகை போதைப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் எழுதிக் கொடுத்த புப்ரெனார்ஃபின் மாத்திரையை நிறுத்தச் சொல்லி அவனை நெருக்காதே.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போவதா?" என்று எழுதியிருக்கிறாய். முப்பது ஆண்டுகள் மருந்துக் கடை நடத்திய நானே, என் தங்கை மகன் விஷயத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை அவன். பைக்கில் விழுந்து கால் எலும்பு முறிந்தபோது கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி, கால் ஆறிய பிறகும் விட முடியாமல், டேபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டான். நாங்கள் அவனை ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் உள்ளே வைத்திருந்து, மருந்து எதுவும் இல்லாமல், "சுத்தமாகிவிட்டான்" என்று சொல்லி அனுப்பினார்கள். வந்த ஒன்பதாம் நாள் குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவனைத் தூக்கினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எண்ணி எண்ணி வந்தது. விட்டிருந்த மூன்று மாதத்தில் பழைய அளவைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்துவிட்டிருக்கிறது என்பதும், அப்படி விட்டுவிட்டு வெளியே வரும் நாட்களே உயிருக்கு மிக ஆபத்தானவை என்பதும் எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த இல்லத்தார் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன். அபின் வகை மருந்துகள் மூளையில் போய் உட்காரும் அதே இடத்தில்தான் புப்ரெனார்ஃபினும் உட்காருகிறது. மற்றவற்றைவிட இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அரைகுறையாகவே வேலை செய்கிறது. அதனால் கை கால் குடைச்சலும் ஏக்கமும் அடங்குகின்றன. ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் மயக்கம் அதே கணக்கில் ஏறுவதில்லை. ஊசியில் ஏற்றினால் வேதனை கொடுக்கும்படி அதோடு அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனையும் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். நாக்கின் அடியில் வைக்கும்போது அந்த நலோக்சோன் அநேகமாக உடம்பில் சேர்வதில்லை.

முதல் மாத்திரை கொடுத்த நாளை என்னால் மறக்க முடியாது. பழைய மருந்து உடம்பை விட்டு இறங்கி, அவதி தொடங்கிய பிறகுதான் இதைக் கொடுக்க வேண்டுமாம். அவசரப்பட்டால் அவதி பல மடங்காகிவிடும். காலையிலிருந்து வராந்தா பெஞ்சில் சுருண்டு கிடந்தான்; கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கையில் மயிர்க்கூச்சம். என் தங்கை முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தபடி, "இப்போதாவது கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கடியில் வைத்து, பேசாமல், எச்சிலை விழுங்காமல் பத்து நிமிடம் இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து, "மாமா, இட்லி கிடைக்குமா?" என்று கேட்டான்.

இது ஏதோ புது சோதனை என்று எண்ணாதே. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதையும், இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் மெத்தடோனையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அன்றாடம் கண்ணெதிரிலேயே இதைக் கொடுக்கும் மையங்கள் அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. உன் வீட்டில் மட்டும் வந்த இழிவு என்றும் குமையாதே. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அபின் வகைப் பொருள்களை எடுப்பதாகச் சொல்கிறது.

எத்தனை நாளைக்கு என்று கேட்டாய். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் அப்படிக் கேட்பதில்லையே. என் தங்கை மகன் நான்காம் ஆண்டாக எடுக்கிறான். வேலைக்குப் போகிறான், சம்பளத்தை அம்மாவிடம் கொடுக்கிறான். குறைப்பதானால் மருத்துவரே மெல்ல மெல்லக் குறைக்கட்டும். நீ கவனிக்க வேண்டியவை வேறு. இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு நின்றுவிடக் கூடும். மாத்திரை கரைந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல், இல்லாவிட்டால் பல் கெடும். மாத்திரையைப் பேரப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வை. வேலூர் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்கும் வழக்கம் பல காலமாக உண்டு என்பது உனக்குத் தெரிந்ததுதானே? அதுபோல நீயும் அவன் பக்கத்தில் இரு. இரவில் ஆள் இல்லாமல் தவித்தால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு வா. என் தங்கை மகன் அவனோடு தனியாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். நாம் இருவரும் அப்போது வெளித் திண்ணையில் இருந்துவிடுவோம். பழைய மருந்துச் சீட்டுகளை மறக்காமல் எடுத்து வா, நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
சம்பந்தம்