கொட்டேஷன் மை காய்வதற்குள் விலை மாறுகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கணபதியில் நான்கு பேரோடு கேட், கிரில் பட்டறை நடத்துகிறேன். 2025 ஏப்ரலில் சிலவகை இறக்குமதி எஃகுத் தகடுகளுக்கு உள்நாட்டு எஃகு ஆலைகளைக் காக்க மத்திய அரசு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. ஆலைகளுக்கு நல்லதுதான், சரி. ஆனால் இரும்பு விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், 300 கிலோ கேட்டில் என் கூலியிலிருந்து 1,500 ரூபாய் போகிறது. வாடிக்கையாளர் பேசிய விலையிலேயே நிற்பார், அவரையும் குறை சொல்ல முடியாது. இப்போது கொட்டேஷனில் 'மூன்று நாள் மட்டும்' என்று எழுதிவிடுகிறேன். முன்பணம் வந்த அன்றே இரும்புக் கடைக்கு வண்டி போய்விடும். துண்டு இரும்பைக்கூட எடைக்குப் போடுவதில்லை. ஜன்னல் கிளாம்புக்கு ஆகிறது. எங்களைப் போன்ற சிறு பட்டறைகளுக்கும் ஆலை விலையில் தகடு தர, தமிழக அரசின் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனமான சிட்கோ ஏற்பாடு செய்யக்கூடாதா?

இப்படிக்கு,
பட்டறைக்காரர், கணபதி, கோவை