தங்கச்சியின் பித்தப்பைக் கல்

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் கோவையில் சீட் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது.

சரி, தங்கச்சி விஷயம். "எனக்கு கிட்னி கல்லை வெளியிலிருந்தே உடைத்தார்களே, அவளுக்கும் அப்படியே உடைக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாய். உடைத்திருக்கிறார்கள். 1980-ல் சிறுநீரகக் கல்லை முதன்முதலாக அதிர்வலையால் உடைத்த மியூனிக் நகரத்தில்தான் 1985-ல் பித்தப்பைக் கல்லிலும் கை வைத்தார்கள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் செய்யவில்லை. வடிகட்டித்தான் எடுத்தார்கள்.

முதலில், வலி உண்டா என்று பார்ப்பார்கள். ஏப்பமும் உப்புசமும் கணக்கில் சேராது. வலது விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ பிடித்து, தோள்பட்டைவரை இழுத்து, மணிக்கணக்கில் விடாமல் நிற்கிற வலியாக இருக்க வேண்டும். அப்புறம் கல். மூன்றுக்கு மேல் கூடாது, 3 செ.மீ.க்கு மேலும் கூடாது. 2 செ.மீ.க்குள் ஒற்றைக் கல் என்றால் உத்தமம். சுண்ணாம்பு ஏறி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிவிடுவார்கள். கொழுப்புக் கல்லாக இருந்தால்தான் உடைந்த துண்டுகளைப் பித்த அமில மாத்திரை மாதக்கணக்கில் கரைக்கும். நம் பக்கம் பித்தத்தின் நிறப்பொருள் உறைந்து உண்டாகும் நிறமிக் கல்லும் நிறைய; அது மாத்திரைக்கு மசியாது.

என்னைக் கேட்டால், கல்லைவிட முக்கியம் பை. சிறுநீர் ஓடிக்கொண்டே இருப்பதால் உன் கல்லின் தூளை அதுவே அடித்துக்கொண்டு போய்விட்டது. பித்தப்பையோ தானே சுருங்கிப் பிழிந்தாக வேண்டும். அதனால் அந்த நாளில் முந்தின ராத்திரி சாய மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை வெறும் வயிற்றில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பை வெள்ளையாக நிரம்பி, நடுவே கல் கறுப்பு ஓட்டையாகத் தெரிந்தால் பைக்குப் போகும் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பையே தெரியவில்லையா, ஆள் அங்கேயே அவுட். பிறகு கொழுப்பான சாப்பாடு கொடுத்து, பை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேனிலும் இதை அளக்கலாம். பித்தப்பை அழற்சி, காமாலை, பொதுப் பித்தக்குழாயில் கல், கணைய அழற்சி, ரத்தம் உறைவதில் கோளாறு, கர்ப்பம் என்றால் பேச்சே இல்லை.

இத்தனை வடிகட்டியும் கல் கரைந்து முடிய ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். பை உள்ளேயே இருப்பதால் சில வருஷங்களில் பலருக்குத் திரும்பவும் கல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே 1985-ல் அதே ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் சின்னத் துளை வழியாகப் பித்தப்பையையே எடுத்துக் காட்டிவிட்டார். தொண்ணூறுகளில் உலகமே லேப்ராஸ்கோப்பி என்ற அந்தத் துளை ஆபரேஷன் பக்கம் சாய்ந்தது. பித்தப்பைக்கு அதிர்வலை வைப்பவர்கள் இன்று அபூர்வம்.

தங்கச்சிக்கு மாஸ்டர் செக்கப்பில் தற்செயலாகத் தெரிந்த கல், இதுவரை வலியே இல்லை என்கிறாய். அந்த மியூனிக்காரர்கள் முதல் கேள்வியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நானும் அதையே சொல்வேன்: உடைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், சும்மா விடு. ஒன்று மட்டும் செய். ரிப்போர்ட்டில் பையின் சுவர் தடிப்பு, பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி), சுவரில் சுண்ணாம்பு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பார். இருந்தால் கதை வேறு, உடனே எனக்குப் போன் போடு. நடுவில் வலியோடு காய்ச்சலோ மஞ்சள் கண்ணோ வந்தால் எனக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடு.

தை பிறந்ததும் இருவரும் இங்கே வாருங்கள்.

அன்புடன்,
முத்து