மாணவர்களுக்கு வாடகை அறை: இனம் பார்ப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதியில் இடமில்லாததால் சுங்கை டுவாவில் அறை தேடினோம். தொலைபேசியில் "காலியாக இருக்கிறது" என்ற வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும் இந்தியர்களுக்குத் தருவதில்லை என்றார். சமையல் வாடை வருமாம்! படிக்க வந்த பெண்ணிடம் பேசும் பேச்சா இது?

பிறகு குளுகோரில் ஓர் அறை அமைந்தது. இரண்டு மாத வைப்புத்தொகை, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை என மூன்றரை மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடன் கைக்கு வருமுன் தோட்டத் தொழிலாளி எங்கே போவார்?

குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. அது வரும்போது, இனத்தைக் காட்டி மாணவர்களை மறுப்பதைத் தடுக்கும் பிரிவும் அதில் இருக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

ஒரு மாணவியின் தாய்,
சுங்கை பட்டாணி