வெள்ளீயமும் நெப்போலியன் படையின் பொத்தான்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் தனிமங்களைப் பற்றி வெளிவரும் தொடரில் வெள்ளீயம் குறித்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு தொடரை விடாமல் நடத்திவருவது பாராட்டுக்குரியது. ஆனால், 1812ஆம் ஆண்டு ரஷ்யக் கடுங்குளிரில் வெள்ளீயத்தாலான சட்டைப் பொத்தான்கள் பொடியாக உதிர்ந்ததால்தான் நெப்போலியனின் படை நிலைகுலைந்தது என்ற கதையை ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகக் கட்டுரை எடுத்துரைத்திருப்பதும், அதற்கு அடியில் இருக்கும் வேதியியலை இரண்டே வரிகளில் கடந்துவிட்டிருப்பதும் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்த எனக்கு வருத்தமளிக்கின்றன.

அந்தப் படையினரின் பொத்தான்கள் எல்லாம் வெள்ளீயத்தால் ஆனவை என்பதற்கே உறுதியான சான்று இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், ஒரு குளிர்காலத்துக்குள் அவை உதிர்ந்திருக்கும் என்று நம்புவது கடினம். காரணத்தை வெள்ளீயத்தின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

அணு எண் 50 கொண்ட இத்தனிமம் தனிம வரிசை அட்டவணையின் 14ஆம் தொகுதியில் இருக்கிறது. அதற்கு மேலே கார்பனும், சிலிக்கான், ஜெர்மானியம் ஆகிய குறைக்கடத்திகளும் உள்ளன. கீழே ஈயம் என்ற முழுமையான உலோகம். இடையில் நிற்கும் வெள்ளீயத்தில் இரு பக்கத்துக் குணங்களும் உண்டு. நாம் வழக்கமாகக் காண்பது பளபளப்பான, மென்மையான, தகடாக அடிக்கக்கூடிய உலோக வடிவம். அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.3 கிராம். 13.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே நிலையானதோ வேறொரு புறவேற்றுமை வடிவம், அதாவது அதே தனிமத்தின் அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்ட வடிவம். அதில் அணுக்கள் வைரத்திலும் சிலிக்கானிலும் உள்ளதைப் போல, ஒவ்வொன்றும் நான்கு அணுக்களோடு பிணைந்து, இடைவெளி விட்டு அமைகின்றன. அடர்த்தி 5.8 கிராம் அளவுக்கு இறங்க, பருமன் கால் பங்குக்கும் மேல் பெருகுகிறது. உலோகத்தின் மேற்பரப்பில் முதலில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றி, பருக்கள் போல் எழும்பி, விரிசல்விட்டு, கடைசியில் அந்த இடம் பொடியாகிறது. ஏற்கெனவே மாறிய துகள் ஒன்று பட்டாலே நல்ல பகுதியிலும் மாற்றம் தொடங்கிவிடும் என்பதால்தான் இதனை நோய் என்று பெயரிட்டு அழைத்தார்கள். மீண்டும் சூடேற்றினால் உலோக வடிவம் திரும்பும். ஆனால் பொடியானது பொடிதான், உருக்கி வார்க்காமல் பழைய பொருள் கிடைக்காது.

வெப்பநிலை 13.2 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே இவையெல்லாம் நடந்துவிடும் என்று கட்டுரையைப் படிக்கும் மாணவர் எண்ணக்கூடும். உண்மையில் அந்த எல்லையை ஒட்டி மாற்றம் மிக மிக மெதுவானது. பூச்சியத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கினால்தான் அது வேகம் பிடிக்கும். அப்போதும் முதல் துகள் உருவாக நீண்ட காலம் ஆகலாம். ஆண்டிமனி, பிஸ்மத், ஈயம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சிறிதளவு கலந்திருந்தாலே மாற்றம் பெரிதும் தடைபடும். பழங்கால வெள்ளீயப் பொருள்கள் பலவற்றில் இத்தகைய கலப்பு இருந்தது. பொத்தான் கதையை நான் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இந்தப் படிக அமைப்பைக் காதாலேயே கேட்கலாம் என்பதைக் கட்டுரை குறிப்பிட்டிருந்தால் மாணவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். தூய வெள்ளீயக் கம்பி ஒன்றைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தால் கறகறவென்று முனகுவது போன்ற ஓசை எழும். கம்பி முறிவதால் வரும் ஓசையன்று அது. படிகத்தின் சில பகுதிகள் சட்டென்று கண்ணாடிப் பிம்பம் போன்ற எதிர்த்திசை அமைப்புக்குத் திரும்புவதால் எழுவது. எந்தத் தனிமத்துக்கும் இல்லாத அளவில் பத்து நிலையான ஐசோடோப்புகள் (புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் நியூட்ரான் எண்ணிக்கையில் வேறுபடும் அணு வகைகள்) இதற்கு உண்டு என்ற செய்தியும் விடுபட்டிருக்கிறது. அணுக்கருவில் 50 புரோட்டான்கள் சேரும்போது ஏற்படும் தனி உறுதியே அதற்குக் காரணம்.

பழைய கதையைவிட இன்றைய சிக்கல் முக்கியமானது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர் (உலோக முனைகளை இணைக்க உருக்கி ஊற்றும் பற்றாசு) 183 டிகிரி செல்சியசிலேயே உருகும் என்பதால் மின்சுற்றுப் பலகைகளில் நெடுங்காலம் கோலோச்சியது. ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் அதனைக் கட்டுப்படுத்தியது. இன்று பரவலாகப் பயன்படும் ஈயமற்ற சால்டரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளீயமே. நல்ல முடிவுதான், நான் அதனை எதிர்க்கவில்லை. ஆயினும் தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய படிக இழைகள் தாமாகவே வளர்ந்து, பக்கத்து முனையைத் தொட்டு மின்குறுக்கை உண்டாக்குகின்றன. 1998ஆம் ஆண்டு கேலக்ஸி-4 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு இத்தகைய இழைகளே காரணம் என்று கருதப்படுகிறது. பூச்சில் தேங்கியிருக்கும் அழுத்தமே இவற்றை வெளியே தள்ளுகிறது. சிறிதளவு ஈயம் இருந்தவரை அந்த வளர்ச்சி அடங்கியிருந்தது.

வினாடி வினாப் போட்டிகளுக்கும் பள்ளி ஒப்படைப்புகளுக்கும் மாணவர்கள் தங்கள் அறிவியல் பக்கத்தையே வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பொத்தான் கதை உறுதிப்படாதது என்ற குறிப்பை அடுத்த வாரப் பக்கத்தில் வெளியிடுமாறும், ஈயத்தைப் பற்றிய கட்டுரை வரும்போது இந்த இழைகளுக்கும் இடம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்